என் பெயரில் பாடப்படும் தாலாட்டு

அந்த மெட்டு என்னுடையதன்று. அதை நான் திருடினேன்.

இதை முதல் வரியிலேயே சொல்லிவிடவேண்டும். சுற்றி வளைத்தால் சொல்லாமலே எழுந்துபோய்விடுவேன்... என்னை எனக்குத் தெரியும்.

'நீர் இருக்கிறீர், நானும் இருக்கிறேன்' என்ற ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசியில் ஒன்றும் பாடாமல் மௌனத்தில் அமர்ந்துவிடுகிறார்களே, அந்தப் பாட்டைத்தான் சொல்கிறேன். நீங்களும் ஒருவேளை பாடியிருக்கலாம். மலாக்காவிலிருந்து அது எங்கெங்கோ போய்விட்டது. பாட்டுத்தாளின் அடியில் 'பாடலும் மெட்டும்: எஸ்தர், காஜா பெராங்' என்று அச்சிட்டிருக்கும். அந்த எஸ்தர் நான்தான். வரி என்னுடையது. மெட்டு இன்னொருத்தியின் நெஞ்சிலிருந்து வந்தது.

இதைச் சொல்லும்போது நான் கண்ணீர் விடவேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். ஆனால் அந்த நாட்களை நினைத்தாலே எனக்குள் களிப்பு பொங்குகிறதே! என் வாழ்வில் நான் அடைந்த ஆனந்தம் எல்லாம் அந்தத் திருட்டின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பாவம் செய்தவள் இவ்வளவு மகிழ்ந்திருக்கலாமா?

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா விடுதலை அடைந்ததற்கு, முந்திய ஆண்டு. எனக்கு முப்பத்து மூன்று வயது. திருமணம் ஆகவில்லை. தமிழ்ப்பள்ளியில் கீழ்வகுப்புகளுக்கு ஆசிரியை. எங்கள் சபை சிறியது. காஜா பெராங் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரையும் பலகைச் சுவரும் உள்ள ஒரு கூடத்தில் கூடுவோம். அங்கே ஆர்மோனியம் வாசிப்பவள் நான்.

எனக்குமுன் அதை வாசித்தவர் என் தந்தை. விரலை வைத்தால் புதிய மெட்டு பிறக்கும் அவருக்கு. எனக்கோ, எழுதியதை எழுதியபடி வாசிக்க மட்டும் வரும். "அப்பாவோட கை பொண்ணுக்கு வரல" என்று சபையில் யாரோ சொன்னதை ஒரு நாள் என் காதாலேயே கேட்டேன். கேட்காததுபோல் இருந்துவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை.

அந்த ஆண்டில்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிய உபதேசியார் வந்தார். ஞானமுத்து என்று பெயர். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். மெலிந்த உருவம், கூச்சமான பேச்சு. மலாய் ஒரு சொல்லும் தெரியாது. கடையில் முட்டை வாங்குவதற்குக் கையால் வட்டம் போட்டுக் காட்டுவார்!

அவருக்கு ஒரு விநோதமான ஆசை இருந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்:

"நாம ஆண்டவர்கிட்ட ரொம்பப் பேசுறோம். அதைக் கொடும், இதைக் கொடும்னு. ஒரு நாளாச்சும் சும்மா அவர் பக்கத்துல உக்காருவோமே. ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவோம். பாடப் பாட வார்த்தை உதிர்ந்துபோகும். மிச்சம் இருக்குது பாருங்க, அதான் ஜெபம்."

எங்களுக்கு அது புரியவில்லை. ஆனாலும் முயன்றோம். ஐயோ, அந்த முதல் வாரங்கள்! நினைத்தால் இன்றும் வயிறு குலுங்கச் சிரிக்கிறேன். லாரி ஓட்டும் யோசேப்பு அண்ணன் மௌனம் தொடங்கிய இரண்டாவது நிமிடம் குறட்டை விடுவார். ஒருவர் இருமினால் ஊரே இருமும். யாருடைய பையிலிருந்தோ ரம்புத்தான் பழம் உருண்டு ஓடும். சிரிப்பை அடக்கப் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வார்கள். உபதேசியார் மட்டும் கண்ணை மூடி, வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பார்.

குற்றம் பாட்டில் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. எங்களிடம் இருந்த பாடல்கள் ஒன்று படைபோல அணிவகுத்து நடந்தன. இல்லையென்றால் கச்சேரிபோல அலங்காரமாக மேலேறின. எதுவும் கீழே இறங்கவில்லை. மௌனத்தின் வாசல்வரை கொண்டுபோய் மெல்ல விட்டுவிட்டு விலகிக்கொள்ளும் பாட்டு ஒன்றுகூட இல்லை.

"டீச்சர், நீங்க ஒரு மெட்டு போட்டுத் தாங்களேன். உங்க அப்பா பெரிய ஆளாமே," என்றார் உபதேசியார்.

ஆகட்டும் என்றேன். வரி எளிதாக வந்துவிட்டது. மெட்டு வரவில்லை. மூன்று வாரம் முழங்காலில் நின்றேன். விரல்கள் ஆர்மோனியத்தில் கிடந்தன, செத்த மீன்களைப்போல...

அப்போதுதான் மீனாட்சி பாடினாள்.

மீனாட்சி என் பக்கத்து வீட்டுக்காரி. மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். பெயர் நம் பெயர், கும்பிடுவது நம் ஊர்ச் சாமிகளை. ஆனால் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும், வாயில் வருவது மலாய். தமிழில் அவளுக்குத் தெரிந்தது உறவுமுறைச் சொற்களும் சாமி பெயர்களும்தான். என்னை 'அக்கா' என்பாள். இருபத்திரண்டு வயது. தலைச்சன் பெண்குழந்தை பிறந்து ஐந்து மாதம். அந்தக் குழந்தை பொழுது சாயத் தொடங்கினால் வீறிடும். வாரிப் போட்டு ஆட்டினாலும் அடங்காது.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பலகைச் சுவருக்கு அப்பால் அழுகை உச்சத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு குரல் மெல்லப் படிந்தது. நான்கே சுரங்கள் இருக்கும். ஏறுவதுபோல் போய், ஏறாமல் திரும்பி, ஒரு படி இறங்கி, அங்கேயே தங்கி, மறுபடி தொடங்கியது. கடலில் மீன் தூங்கிவிட்டது, நீயும் தூங்கு என்று மலாயில் ஏதோ சொற்கள். சொற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பிறகு வெறும் முனகல். பிறகு அதுவும் இல்லை. குழந்தையும் அழவில்லை.

நான் ஈர முகத்தோடு நின்றுகொண்டிருந்தேன். என்னையறியாமல் என் உள்ளமும் அடங்கிப்போயிருந்தது!

மறுநாள் வேலியருகே மலாயில் கேட்டேன்: "நேத்து பாடினியே, அது யார் பாட்டு?"

"என்னோடதுதான், அக்கா," என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள். "இவளுக்கு எந்தப் பாட்டும் பிடிக்கல. நானே கட்டினேன். நல்லாவா இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றேன். அவ்வளவுதான். அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அள்ளிக் கொடுத்திருப்பாள். ஏன் கேட்கவில்லை? கேட்டால் அது அவளுடையதாகவே இருந்துவிடும் என்பதாலா? ஆம்... அதனால்தான்.

அந்தச் சனிக்கிழமை என் வரியை அவள் மெட்டில் வைத்துப் பாடினேன். நீர் இருக்கிறீர், நானும் இருக்கிறேன். முதலில் நான் தனியாக. பிறகு பெண்கள். பிறகு எல்லோரும். பத்துமுறை, இருபதுமுறை... ஒரு கட்டத்தில் ஆர்மோனியம் தேவைப்படவில்லை, கையை எடுத்துவிட்டேன். குரல்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டு தானாகக் கரைந்து, அது இருந்த இடத்தில் மௌனம் வந்து அமர்ந்தது.

யாரும் இருமவில்லை. கூரையின்மேல் மழை தொடங்கியது, அதுகூட எங்களோடு உட்கார வந்ததுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் திறந்தபோது யோசேப்பு அண்ணன் விழித்திருந்தார். அந்தப் பெரிய முரட்டு முகத்தில் கண்ணீர். துடைக்கவும் தோன்றாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்! காரணமே இல்லாமல், பள்ளி விட்ட பிள்ளைகளைப்போல.

உபதேசியார் என்னிடம் ஓடிவந்தார்.

"டீச்சர்... எங்கேருந்து வந்துச்சு இந்த மெட்டு?"

பக்கத்து வீட்டிலிருந்து, என்று சொல்வதற்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? எல்லா முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. என் தந்தையின் கை எனக்கு இல்லை என்ற முகங்கள்.

"ஜெபத்துல வந்துச்சு," என்றேன்.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் நாலு வருஷமா உள்ளுக்குள்ள வத்திப்போய் இருந்தேன், டீச்சர். யார்கிட்டயும் சொல்லல. கடவுள் இப்பவும் மனுசருக்குக் கொடுக்கிறார்னு இன்னைக்குத்தான் நம்புறேன்."

பார்த்தீர்களா! ஒரு சின்னப் பொய்யை ஒரு மனிதருடைய விசுவாசத்தின் அடியில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டேன். இனி அதை உருவ முடியுமா? இப்படித்தான் எனக்கு நானே அன்று சொல்லிக்கொண்டேன். இன்று யோசித்தால், அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேனா, எனக்காகவா? அவரைச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்றே தோன்றுகிறது.

அதன்பின் சனிக்கிழமைகள் திருவிழாவாயின. கூட்டம் பெருகியது. பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்துகூடச் சைக்கிளில் வந்தார்கள். கோபக்காரர்கள் சாந்தமாகத் திரும்பினார்கள். பேச்சுவார்த்தை இல்லாத இரு சகோதரிகள் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அந்த மௌனத்தில் எனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லத் தமிழில் சொல் தேடுகிறேன்... யாரோ என்னை நன்றாகத் தெரிந்த ஒருவர், தெரிந்தும் சிரித்துக்கொண்டு, அருகில் அமர்ந்திருப்பதுபோல். தெரிந்தும்! அதுதான் எனக்கு விளங்கவில்லை. திருடியவளை மௌனம் சுடவேண்டாமா? சுடவில்லையே! குளிர்ந்ததே!

ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின், வாசலில் மீனாட்சி நின்றாள். பாத்திக் துணியில் குழந்தையைத் தோளோடு கட்டியிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா! இது என் பாட்டு! என் குழந்தையோட பாட்டு! உங்க சாமிக்கும் பிடிச்சுப்போச்சா?" என்றாள் மலாயில்.

என் பின்னால் உபதேசியார் வந்து நின்றார். "என்ன டீச்சர் சொல்லுது இந்தப் பொண்ணு?"

என் வாய் தானாக அசைந்தது. "பாட்டு ரொம்ப இனிமையா இருக்காம், ஐயா."

அவர் மலர்ந்துபோனார். கைகூப்பினார். "ஆண்டவரே கொடுத்த பாட்டும்மான்னு அவங்களுக்குச் சொல்லுங்க, டீச்சர்."

நான் மீனாட்சியின் பக்கம் திரும்பினேன். மலாயில் சொன்னேன்: "பாட்டு கொடுத்ததுக்கு உனக்கு நன்றி சொல்றார்."

"தெரிமா காசே, துவான்!" என்று, 'நன்றி, ஐயா' என்பதை மலாயில் சொல்லி அவளும் குனிந்து வணங்கினாள். அவர் வணங்கினார். குழந்தை கையைத் தட்டியது. இரண்டு நல்ல முகங்கள் ஒன்றையொன்று பார்த்து ஒளிர்ந்தன, நடுவில் நான் நின்றேன். இரு பக்கமும் ஆளுக்கொரு பொய்யைக் கொடுத்துவிட்டு.

அதன்பிறகு அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். உள்ளே வரமாட்டாள், வேறு சாமி வீடு என்று கூச்சம். ஜன்னலுக்கு வெளியே மரநிழலில் குழந்தையோடு உட்கார்ந்து கேட்பாள். எல்லோரும் கரைந்து மௌனமானபின் சிலசமயம் அவள் முனகல் மட்டும் கடைசியாகக் கேட்கும். "வெளியே பறவை மாதிரி ஒரு சத்தம், எவ்வளவு நல்லா இருந்துச்சு!" என்பார் யோசேப்பு அண்ணன்.

மெர்டேக்கா வந்தது. ஊரெங்கும் கொடி, கொட்டு, ஆரவாரம். தமிழ்ச் சபைகள் எல்லாம் கூடி நன்றியாராதனை நடத்தின. அதில் பாடுவதற்காக எங்கள் பாட்டை அச்சிட்டார்கள். நூற்றுக்கணக்கான குரல்கள் ஆர்ப்பரிக்கும் ஊரின் நடுவே தாழ்ந்து, தாழ்ந்து, அடங்கின. ஒரு புது நாடு பிறந்த வாரத்தில் அந்தக் கூட்டம் மூச்சுமட்டும் விட்டுக்கொண்டு இருந்தது. சொர்க்கம் அதைவிடப் பெரிதாக இருக்கமுடியுமா?

வீடு திரும்பியதும் மீனாட்சி வேலிக்கு ஓடிவந்தாள். அச்சிட்ட தாளைக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

"என் பேர் எங்கே இருக்கு, அக்கா?"

இப்போது நீங்கள் என்னை வெறுக்கலாம். நான் விரலை நீட்டினேன். தாளின் அடியில் இருந்த என் பெயரின்மேல் வைத்தேன்.

"இதோ," என்றேன்.

அவள் அந்த எழுத்துகளை ஆட்காட்டி விரலால் தடவிப் பார்த்தாள். குழந்தையின் விரலையும் பிடித்துத் தடவ வைத்தாள். கணவனிடம் சொல்லிக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமிபடங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். பூகூட வைத்தாள்.

சில மாதம் கழித்து அவள் கணவனுக்குக் கிளேபாங் பக்கம் வேலை கிடைத்தது. வீடு மாற்ற மூட்டை கட்டிக்கொண்டிருந்த பகலில் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, போறதுக்கு முன்னாடி ஒரே ஆசை. இந்தச் சனிக்கிழமை நான் உள்ளே வர்றேன். எல்லார் முன்னாடியும் துவானை ஒரு தடவை என் பேரைச் சொல்லச் சொல்லுங்க. மீனாட்சி பாட்டுன்னு. கேட்டுட்டுப் போயிடறேன்."

இனி எங்கே ஒளிவது? அவளுடைய மொழியில், ஒன்று விடாமல் சொன்னேன். ஜெபத்தில் வந்தது என்று சொன்னதை. வாசலில் இரு பக்கமும் மாற்றிச் சொன்னதை. விரல் வைத்த பெயர் யாருடையது என்பதை.

அவள் கோபித்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நான் மரத்தடியில உக்காந்திருந்தப்போ, உள்ளே இருந்தவங்க யாருக்கும் நான் யாருன்னு தெரியாதா?"

"தெரியாது."

"நான் எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சு உக்காந்திருந்தேன், அக்கா."

எழுந்து சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றினாள். தூசு தட்டுவதுபோல் கையால் துடைத்து என்னிடம் நீட்டினாள். "இது உங்களோடது. அவங்ககிட்ட சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன்.

அப்போது குழந்தை சிணுங்கியது. மீனாட்சி எடுத்துத் தோளில் போட்டு முனகத் தொடங்கினாள். அது புதிய மெட்டு! நான் கேட்டிராதது. பழையதைவிட அழகானது. நான் மூச்சடக்கிக் கேட்டேன். நான் கேட்பதைப் பார்த்தாள்... சட்டென்று நிறுத்திக்கொண்டாள். குழந்தை அழுதது. அவள் பாடவில்லை. நான் வாசலைத் தாண்டி என் வீட்டுக்குள் போகும்வரை பாடவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. நான் எழுந்து நின்றேன். நாற்பது ஐம்பது பேர் பாயில் இருந்தார்கள். "சொல்லுங்க, டீச்சர்," என்றார் உபதேசியார், அந்தக் கூச்சமான புன்னகையோடு. வாயைத் திறந்தேன்.

"பாடுவோம்," என்றேன்.

பாடினோம். எப்போதும்போல் இறங்கி, கரைந்து, மௌனமானோம். அன்றும் அந்த ஒருவர் வந்து என்னருகே அமர்ந்தார். அன்றும் மகிழ்ந்தேன்! அடுத்த வாரம் சொல்லலாம் என்று அந்த மகிழ்ச்சி எனக்குச் சொன்னது.

உபதேசியார் ஊர் திரும்பிவிட்டார். யோசேப்பு அண்ணன் மறைந்துவிட்டார். அந்தப் பாட்டைப் பாடித்தான் அவரை அடக்கம் செய்தோம். என் தலை நரைத்து, விரல் வளைந்து, வாசிப்பை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை மட்டும் விடவில்லை. ஐந்து மணி ஆகும் முன்பே என் கால்கள் துள்ளத் தொடங்குகின்றன, இந்த வயதில்! முதல் சுரம் எழும்போதே என் நெஞ்சு நிறைகிறது. இப்படி ஒரு பேறு யாருக்குக் கிடைக்கும் என்று நன்றி சொல்கிறேன். உடனே, யாருக்கு நன்றி சொல்லாமல் விட்டேன் என்பதும் நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒரே மூச்சில்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். முகம் தெரியாத உங்களிடம், தாளில், தனியறையில். இது எளிது.

மீனாட்சி கேட்டது இதையல்ல. சபையார் நடுவில் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லச் சொன்னாள். நாளை சனிக்கிழமை.